ஸ்டானிஸ்லாஸ் போட்ட வெனிஸ் திட்டம்

ராயபுரம் இராயப்பர் கோயிலுக்குப் பின்னாலிருந்த சந்தில் போய் ஸ்டானிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ரோசனைக்காரன் வீடு என்று கேட்டால் கைக்குழந்தை கூட வழிகாட்டும். அந்தப் பெயரை அவன் சம்பாதித்துத்தான் வைத்திருந்தான். திருவொற்றியூரில் ஒரு கல்யாணம் என்றால் மற்றவர்கள் அன்றைக்குக் காலையில் துணி மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இவன் அதற்கு முந்தின வாரமே யோசனையில் இறங்கிவிடுவான். எந்த ஜட்கா, எந்த வழி, மழை வந்தால் யார் வீட்டில் ஒதுங்குவது, பந்தியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் கண்ணில் முதலில் படலாம் என்று எல்லாவற்றையும் பெண்டாட்டி ஞானப்பூவிடம் ஒப்பிப்பான். அவளும் மீனை ஆய்ந்துகொண்டே உம் கொட்டுவாள். கல்யாணத்தன்று ஜட்காக்காரன் வரமாட்டான், இவர்கள் நடந்தே போய்க் கடைசிப் பந்தியில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அவன் போட்ட திட்டம் எதுவும் போட்டபடி நடந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதற்காக அவன் யோசிப்பதை விட்டதும் இல்லை.

அவன் அப்பா மசூலா படகு தள்ளியவர். நடுக்கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையை ஏறிக் கடந்து மூட்டையும் மனிதரும் சுமந்த கூட்டம் அது. துறைமுகத்தில் சுவர் எழும்பிக் கப்பல் நேராகக் கரையிலேயே வந்து கட்ட ஆரம்பித்த பிறகு படகுக்காரனை யார் கூப்பிடுவார்கள்? ஸ்டானிஸ்லாஸ் கப்பலில் கலாசியாகச் சேர்ந்துவிட்டான். கயிறு இழுப்பது, தளம் கழுவுவது, துரு சுரண்டுவது, கலாசிகளை மேய்க்கும் சாரங்கு திட்டினால் தலையைக் குனிந்துகொள்வது, இவைதான் வேலை. ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்குமாகப் பத்து வருஷம் போய்வந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த சமயத்தில் அவன் ஒரே மகள் மதலேன் கண்ணில் கில்லி பாய்ந்தது. எட்டு வயசுப் பெண். சந்து முனையில் பையன்கள் கில்லி ஆடிக்கொண்டிருந்ததை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு முனையும் கூராகச் சீவிய குச்சி இடது கண்ணில் குத்தியது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கிருந்த டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். குத்துப்பட்ட கண்ணில் இனிமேல் பார்வை வராது. அது போகட்டும், அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இப்படிக் கிழிந்த கண்ணை அப்படியே விட்டுவைத்தால் சில பேருக்கு நல்ல கண்ணும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும். வாரக்கணக்கில் ஆகலாம், மாசக்கணக்கிலும் ஆகலாம். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மருந்து இல்லை. ஆகையால் இடது கண்ணைச் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் புத்தி, பெற்றவர்கள் சம்மதித்தால் கட்டில் தருகிறேன் என்றார்.

வெளியே வந்த ஸ்டானிஸ்லாஸ் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மற்றது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. பெற்ற பெண்ணின் கண்ணைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள் என்பது மட்டும் ஏறியிருந்தது. நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? சந்தில் மற்ற பிள்ளைகள் என்ன பெயர் வைத்துக் கூப்பிடும்? ஞானப்பூவும் அழுதாள். ஆனால் அழுது முடித்த பிறகு அவள் புத்தி வேலை செய்தது.

"ஒரு கண்ணு போனா போவட்டும்யா. இன்னொன்னு கீதே, அத்த காப்பாத்திக்குவோம்" என்றாள்.

கைவசம் ஒரு யோசனையும் இல்லாமல் அவன் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த வெறுமை மூன்று நாள்கூட நீடிக்கவில்லை என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு வந்த கேடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அவனை நிறுத்தி விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த புனிதையான அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் படத்தைக் காட்டினார். ஸ்டானிஸ்லாஸ் பிறந்ததிலிருந்து பார்த்த படம்தான். இளம்பெண் ஒருத்தி கையில் தட்டு ஏந்தி நிற்பாள், தட்டில் இரண்டு கண்கள் இருக்கும். சந்தில் யாருக்காவது கண்வலி வந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து அந்தப் படத்தின் காலடியில் வைப்பார்கள், அதன் முன்னால் எரியும் விளக்கின் எண்ணெயைத் தொட்டு இமையில் தடவிக்கொள்வார்கள். கிறிஸ்து வேதத்தின் எதிரிகள் பிடுங்கிய கண்ணைக் கடவுள் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டுக் கோயில்பிள்ளை பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அந்த அம்மாளின் உடம்பு இன்னும் அழியாமல் ஒரு கோயிலில் இருக்கிறதாம், ஊர் பெயர் வெனிஸாம், தெருவெல்லாம் தண்ணீராக இருக்குமாம்.

ஸ்டானிஸ்லாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. ரங்கூன் வேலை மந்தமாகி, அவன் வேறு ஒரு சரக்குக் கப்பலில் அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தான். அடுத்த வாரம் அது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. போகிற ஊர் வெனிஸ். இதை மேலே இருப்பவர் போட்ட முடிச்சு என்று நினைக்காமல் அவன் வேறு என்ன நினைப்பான்? ஊரில் இருக்கும் படத்து விளக்கின் எண்ணெய்க்கே கண்வலி போகிறதென்றால், அம்மாள் உடம்பின் அருகிலேயே எரியும் விளக்கின் எண்ணெய்க்குப் போன கண் வராதா?

வீட்டுக்கு வந்து ஞானப்பூவிடம் சொன்னான். அவள் உம் கொட்டவில்லை. டாக்டர் சொன்ன ஆபத்தை அவனுக்கு ஞாபகப்படுத்தினாள். அதற்குள் பெண்ணின் கண்ணில் வீக்கம் வடிந்து, சிவப்பும் குறைந்து, வலியும் நின்றிருந்தது. பார்த்தாயா, ஆறிக்கொண்டு வருகிறது என்று அவன் காட்டினான். வலி நின்றதை நல்ல சகுனம் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? நல்ல கண்ணால் மதலேன் முன்போலவே ஊசியில் நூல் கோத்தாள். திரும்பி வரும் வரை பொறு என்று சொல்லிவிட்டு அவன் கப்பலேறினான். ஞானப்பூ பொறுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கப்பல் கொழும்பைத் தாண்டியதும் திட்டம் ஆரம்பித்தது. மேல்தளத்துத் துரைமார்களுக்குப் பரிமாறும் கோவாக்காரப் பட்லர் ஒருவர் வெனிஸில் இரண்டு தடவை இறங்கியவர். கப்பல் வந்து நிற்கும் துறை ஊருக்கு எதிர்க்கரை, அங்கிருந்து படகில் போகவேண்டும், சனிக்கிழமை மத்தியானத்தோடு கரைக்கூலிகள் வேலையை நிறுத்துவார்கள், திங்கட்கிழமைதான் மறுபடி மூட்டை இறங்கும் என்றார் அவர். ஸ்டானிஸ்லாஸுக்கு அது போதும். சனி மத்தியானம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை உள்ள நேரத்தை அவன் கடல் முழுக்க வைத்துச் செதுக்கினான்.

சனிக்கிழமை குளித்துவிட்டு, பட்லரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு படகேறுவது. கோயில் எங்கே என்பதை அன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்வது. இரவு மாலுமிகள் தங்கும் விடுதியில் படுப்பது. ஞாயிறு வெறும் வயிற்றோடு எழுந்து முதல் பூசை பார்த்து நற்கருணை நன்மை வாங்குவது. பிறகு அம்மாள் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, அங்கிருக்கும் கோயில்பிள்ளையிடம் எண்ணெய் கேட்பது. அவருக்குத் தமிழ் தெரியாதே? கண்ணைத் தொட்டுக் காட்டி, விளக்கைக் காட்டி, எண்ணெய்க்கென்று கொண்டுவந்த குப்பியை நீட்டுவது. அதையும் அவன் தளத்தில் நின்று செய்து பார்த்தான். கூட இருந்த கலாசிகள் ஊமைக்கூத்து என்று சிரித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் நேரம் மிஞ்சினால் ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்றும் வைத்திருந்தான். அந்த ஊர்ப் படகில் ஒருத்தன்தான் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்புப் போடுவானாம் என்று பட்லர் சொன்னபோது, மசூலா படகுக்காரன் மகனுக்குச் சிரிப்பு வந்தது. குளத்துத் தண்ணீரில் எவன் வேண்டுமானாலும் நிற்பான், ராயபுரம் அலையில் நிற்கச் சொல் என்றான்.

கேட்டவர்களில் சிரிக்காதவன் சௌக்கத் அலி ஒருவன்தான். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், அடியில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவன். ஸ்டானிஸ்லாஸும் அவனும் ரங்கூன் காலத்திலிருந்தே தோஸ்து. ஏடனுக்குச் சற்று முன்னால் கொதிகலன் ஆவி பட்டு சௌக்கத் அலியின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. இனி அவனால் கரி தள்ள முடியாது என்று ஏடனில் இறக்கி, பம்பாய் போகும் கப்பலில் ஏற்றிவிட ஏற்பாடு செய்தார்கள். பம்பாயிலிருந்து ரயிலில் மெட்ராஸ் போய்விடுவான்.

இறங்குவதற்கு முன் வீட்டுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டான். ஸ்டானிஸ்லாஸ் எண்ணெய்க் குப்பியை எடுத்துக் காட்டினான். சௌக்கத் அலி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமு, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. டாக்டரு சும்மா சொல்லமாட்டாரு. எண்ணெ பாட்டுக்கு வரட்டும், அதுக்கோசரம் வைத்தியத்த ஏன் நிறுத்தணும்? எடுத்துட சொல்லி அனுப்பு."

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை ஸ்டானிஸ்லாஸின் நாக்கு வரை வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி செய் என்று மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் கண்ணை எடுத்துவிட்டால் இவன் எதற்கு வெனிஸுக்குப் போகவேண்டும்? இரவல் கோட்டு, வெறும் வயிற்றுப் பூசை, குப்பி, ஊமைக்கூத்து எல்லாம் எதற்கு? இத்தனை வருஷத்தில் ஒரு மூலைகூடக் கோணாமல் அமைந்த ஒரே திட்டம் அது. அதைக் கலைக்க அவனுக்கு மனசு வரவில்லை. பெண்ணின் மேல் இருந்த பாசமும் திட்டத்தின் மேல் இருந்த பாசமும் அவனுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை. நினைக்க நினைக்க நமக்கு ஆத்திரமாக வருகிறது.

"லூசியம்மா எண்ணெய நான் கொண்டாந்துகினு கீறேன். அது வர்ற வரைக்கும் புள்ள கண்ணுல கத்தி பட வாணாம்னு ஞானப்பூ கைல சொல்லு. என் மேல ஆணைன்னு சொல்லு பாய்" என்றான்.

சௌக்கத் அலி தலையாட்டிவிட்டு இறங்கினான். சொன்ன சொல்லைச் சேர்க்காமல் விடுகிற ஆள் அவன் இல்லை.

வெனிஸ் திட்டம் போட்டபடியே நடந்தது. அவன் போட்டதில் நடந்தது அது ஒன்றுதான்.

கப்பல் வந்து நின்ற எதிர்க்கரையில் புகைபோக்கியும் கரிக்குவியலுமாக இருந்தது, ராயபுரத்தை விட்டு வந்த மாதிரியே தோன்றவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலை நின்றது. சாரங்கு மறுபேச்சில்லாமல் விட்டார். படகு நேரத்துக்கு வந்தது. ஊர், தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பதுபோல் இருந்தது. வீட்டு வாசற்படிகளில் பாசி. பேசின் பிரிட்ஜ் கால்வாயில் வருகிற அதே அழுகல் வாடை. கல்யாண ஊர்வலம், சவ ஊர்வலம், காய்கறி எல்லாம் படகிலேயே போயின. கோயிலை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டான். விடுதியில் படுக்க இடம் கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்துக் குளிர் எலும்பைக் குடைந்தது, அதையும் ஒருசந்தி விரதம் என்று ஏற்றுக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கப் பீடத்துக்குப் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் லூசியம்மாள் படுத்திருந்தாள். அழியாத உடம்பு என்று கேட்டதும் அவன் படத்தில் பார்த்த இளம்பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே கிடந்தது கருவாடாக வற்றிய சின்ன உருவம். பட்டுத் துணிக்கு மேலே முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். எழும்பூர் டாக்டரின் முகமும் ஞானப்பூவின் முகமும் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தன. விசுவாசக் குறைச்சலுக்குப் பயந்துபோய் அவசர அவசரமாக மாதாவின் அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்து, அந்த நினைப்பை அதற்கடியில் புதைத்தான்.

கண்ணைத் தொட்டு, விளக்கைக் காட்டி, குப்பியை நீட்டியபோது அந்த ஊர்க் கோயில்பிள்ளை சிரிக்கவில்லை. தினம் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ! விளக்கை இறக்கி, குப்பி நிறைய ஊற்றிக் கொடுத்து, அவன் தலையில் கையும் வைத்தார். ஸ்டானிஸ்லாஸ் வெளியே வந்து படித்துறையில் உட்கார்ந்து அழுதான். சந்தோஷ அழுகை. மிஞ்சிய நேரத்தில் ஊரைச் சுற்றினான். வெயில் பட்டுத் தண்ணீர் மின்னியது. பார்த்ததையெல்லாம் பெண்ணுக்குச் சொல்வதற்காக வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டே போனான். அவன் வாழ்க்கையிலேயே மனநிறைவாகக் கழிந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும்.

திரும்பும் வழியில் கப்பல் இரண்டு மூன்று துறைகளில் சரக்குக்குக் காத்து நின்றது. மெட்ராஸில் இறங்கியபோது கத்திரி வெயில் முடிந்திருந்தது. குப்பியை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். எதிரில் வந்தவர்கள் வழக்கம்போல் ரோசனைக்காரரே என்று கூப்பிடவில்லை. ஒதுங்கி வழி விட்டார்கள்.

வாசலில் மதலேன் இருந்தாள். சுவரில் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே, காலால் படியைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் படிக்குக் கீழே போய் நின்றான். அவனுக்கு நேராக அவள் முகம் இருந்தது, இரண்டு கண்ணும் திறந்திருந்தன, அவள் சிரிக்கவும் இல்லை, ஓடி வரவும் இல்லை.

ஞானப்பூ உள்ளேயிருந்து வந்து அவனைப் பார்த்தாள். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அதையெல்லாம் ஈஸ்டர் வாரத்திலேயே செய்து முடித்துவிட்டிருந்தாள். அவன் உட்கார்ந்ததும், அடுத்த வீட்டுக்காரியின் சமாசாரத்தைச் சொல்வதுபோல் நடந்ததைச் சொன்னாள். அவன் கப்பலேறிப் பதினைந்து நாள்வரை யோசித்துப் பார்த்தாள். பிறகு தானே துணிந்து எழும்பூருக்குப் போனாள். கட்டில் கொடுத்தார்கள். காலையில் கண்ணை எடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் சௌக்கத் அலி ரயிலிலிருந்து இறங்கி, வீட்டில் ஆள் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெந்த கையோடு ஆஸ்பத்திரிக்கே தேடி வந்துவிட்டான்.

"பாய் மேல தப்பு இல்ல. நீ சொன்னத சொன்னாரு. உன் மேல ஆணைன்னாரு. நீ நடுக்கடல்ல கீறே, ஆணைய மீறினா உனக்கு இன்னா ஆவுமோன்னு பயந்துகினு புள்ளய கட்ல விட்டு எறக்கி இட்டாந்துட்டேன்" என்றாள்.

அதன்பிறகு ஒரு மாசம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று கோயிலில் விளக்கைச் சுற்றிப் புகை தெரிகிறது என்றாள் மதலேன். மறுநாள் நல்ல கண் சிவந்தது. எழும்பூருக்கு ஓடினார்கள். டாக்டர் திட்டவில்லை, தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். மே மாசம் ஆரம்பித்தபோது, கோயிலில் சிலுவை மரத்தில் தொங்குகிற சுரூபம்கூட அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. சௌக்கத் அலி வாரம் ஒருமுறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான்.

ஸ்டானிஸ்லாஸ் கேட்டுக்கொண்டிருந்தான். ஏடனில் நாக்கு வரை வந்த அந்த மூன்று வார்த்தைதான் அவன் நினைப்பில் ஓடியது. பிறகு இடுப்பிலிருந்து குப்பியை அவிழ்த்தான். அதைப் பார்த்ததும் ஞானப்பூ எழுந்து போய்விடப் பார்த்தாள். ஆனால் பெண் குப்பியின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாள்.

"எண்ணெ வந்துட்ச்சா நைனா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை அதற்காகத்தான் காத்திருந்தது. மாட்டேன் என்று யார் சொல்வது? ஞானப்பூ மறுபடி உட்கார்ந்து, பெண்ணின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் லூசியம்மாள் பெயரைச் சொல்லி இரண்டு கண்ணிலும் எண்ணெயைத் தடவினான். மதலேன் இமையை இறுக்க மூடிக்கொண்டு கையைக் குவித்தாள். மூன்று பேரும் ஜெபம் சொன்னார்கள். பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்தாள்.

அவன் அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். விழி அசையவில்லை. அதற்கு மேல் அங்கே உட்கார அவனால் முடியவில்லை. சத்தமில்லாமல் எழுந்து எதிர்ச் சுவர் ஓரம் போய், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நின்றான். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவன் உட்கார்ந்திருந்த காலி இடத்தைப் பார்த்தே மதலேன் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெர்யுது நைனா" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா தெர்யுது. நீ சிரிச்சிகினு கீறே."

ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் துண்டை வாயிலிருந்து எடுத்தான். சுவரோரத்திலிருந்து பூனைபோல் நடந்து வந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தான்.

"ஆமாம்மா, சிரிச்சிகினுதான் கீறேன்" என்றான்.